அதிசயம் என்று சொல்லாதீர்கள்



திருச்சி–சார்ஜா விமான வீடியோ மறுபடியும் நம் குழுக்களில் சுற்றுகிறது. "சக்கரம் விரியவில்லை, சாமிதான் காப்பாற்றியது" என்று தலைப்பு வேறு! தவறு.

2024 அக்டோபர் 11 மாலை, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மேலேறியதும் ஹைட்ராலிக் கோளாறு. உள்ளே சுமார் 140 பேர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்துவிட்டு, சக்கரங்கள் விரிந்து, ஒழுங்காகவே இறங்கியது.

ஏன் வட்டமடித்தார்கள்? சார்ஜா வரைக்குமான எரிபொருள் எடையோடு இறங்கினால் சக்கரக் கால்களுக்கும் பிரேக்குக்கும் சுமை கூடும். போயிங் 737-இல் எரிபொருளை வானிலேயே கொட்டிவிடும் வசதி இல்லை. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். முழு பாரத்தோடு மலை இறங்கும் லாரியின் பிரேக் படும் பாடு மாரமங்கலத்துக்காரர்களுக்குத் தெரியாதா?

சாமி கும்பிடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதிசயம் என்று சொல்லிவிட்டால் விமானிகளின் பயிற்சிக்கு மதிப்பில்லை. கோளாறு ஏன் வந்தது, பராமரிப்பை யார் சரிபார்த்தார்கள் என்ற கேள்வியும் எழாது. நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் தடம் அது. கைதட்டுங்கள், கேள்வியும் கேளுங்கள். அந்த வீடியோவை மட்டும் இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.