ஆறாத புண்ணும் பப்பாசிப் பாலும்

சகோதரி ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு நீரிழிவு, காலில் புண் வந்து நான்கு மாதமாகியும் ஆறவில்லை. பப்பாசிக்காயைக் கீறி அந்தப் பாலைப் பூசினால் அழுகல் கழன்றுவிடும் என்று அயலவர்கள் சொல்கிறார்களாம். பூசலாமா?

பூச வேண்டாம். ஆனால் அயலவர்கள் சொன்னது வெறும் கட்டுக்கதையும் அல்ல. இறைச்சி அவியாவிட்டால் நாம் ஒரு துண்டு பப்பாசிக்காய் போடுவதில்லையா? பாலிலுள்ள பப்பேயின் என்ற நொதியம்தான் இறைச்சியை மெதுவாக்குகிறது. புரதத்தைத் துண்டாக்குவதே அதன் வேலை. புண்ணில் தேங்கிய இறந்த தசையும் புரதம்தான். ஆபிரிக்காவில் காம்பியா நாட்டு வைத்தியசாலையில் தீக்காயப்பட்ட பிள்ளைகளுக்குப் பப்பாசிச் சதையை மசித்துத் தினமும் வைத்துக் கட்டியதை வைத்தியர்கள் 1999இல் மருத்துவ சஞ்சிகையில் எழுதியிருக்கிறார்கள்.

கறுத்த தோலாகவோ மஞ்சள் பசையாகவோ இறந்த தசை கிடக்கும்வரை அடியிலிருந்து புதுத்தசை வளர்வது கடினம். கிருமிகளுக்கும் அதுவே உணவு. வழமையாகச் சத்திரசிகிச்சை வைத்தியர் அதை வெட்டி அகற்றுவார். வெட்டைத் தாங்க முடியாத வயோதிபருக்கு நொதியக் களிம்பு உதவும். அவற்றில் முக்கியமானது கொலாஜினேஸ். ஒருவகைப் பக்றீரியாவிலிருந்து எடுக்கப்படும் இது, இறந்த தசையைப் புண்ணின் அடியோடு பிணைத்திருக்கும் கொலாஜன் இழைகளை அறுக்கிறது. பொதுவாக நாளுக்கொரு தடவை பூசுவார்கள். பலன் தெரிய வாரக்கணக்காகும். வெள்ளி கலந்த மருந்தும் அயடீனும் இந்த நொதியத்தைச் செயலிழக்கச் செய்துவிடும். காலையில் ஒரு மருந்து, பின்னேரம் பக்கத்து வீட்டார் தந்த இன்னொன்று என்று பூசுவது நம்மவர் பழக்கமல்லவா, அதனால் சொல்கிறேன்.

பப்பேயின் களிம்பும் அமெரிக்காவில் பல வருடங்கள் விற்பனையானது. சிலருக்குக் கடும் ஒவ்வாமை ஏற்பட்டு, இரத்த அழுத்தம் விழுந்து, நெஞ்சு படபடத்ததாக முறைப்பாடுகள் வந்தன. 2008இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி பெறாத அக்களிம்புகளை நிறுத்தச் சொன்னது. றப்பர் கையுறை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். அளவு பார்த்துச் செய்த களிம்புக்கே இப்படியென்றால், முற்றத்து மரத்துப் பாலில் எவ்வளவு நொதியம், எவ்வளவு கிருமி என்று யார் அறிவார்? நீரிழிவுக்காரர் பலரின் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். பால் நல்ல தோலை அரித்தாலும் அவருக்கு எரியாது. எனக்கு அதுதான் பெரிய பயம்.

எந்தக் களிம்பானாலும் அழுகலைத்தான் எடுக்கும். புண் ஆறுவதற்குக் காலுக்கு இரத்தம் ஓட வேண்டும், சீனி கட்டுப்பட வேண்டும், புண்பட்ட இடத்தில் உடற்பாரம் விழாமல் இருக்க வேண்டும். ஆகவே கிளினிக்குக்குப் போகும்போது, பாதத்தின் நாடித்துடிப்பைப் பார்க்கும்படி கேளுங்கள். நான்கு மாதப் புண்ணுக்கு இது மிக அவசியம்.

இன்னொன்று. குதிக்காலில் கறுத்த பொருக்கு காய்ந்து, இறுகி, சிவப்போ சீழோ இல்லாமல் இருந்தால் அதை நீங்களாக ஊறவைத்து உரிக்காதீர்கள். இரத்த ஓட்டம் குறைந்த காலில் அந்தப் பொருக்கே மூடியாக இருந்து காக்கிறது. வைத்தியர்களும் பெரும்பாலும் அதைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். பொருக்கின் ஓரம் இளகினாலோ, மணம் வந்தாலோ, சுற்றிலும் சிவந்து காய்ச்சல் கண்டாலோ கிளினிக் நாள்வரை காத்திராமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும்.