யுகுலேலேக்கு மேடை, தப்புக்கு வாசலா?

"தோட்டத்துப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வெள்ளைக்கார விளையாட்டுச் சாமான்?" மடுல்சீமைப் பக்கம் யுகுலேலே பழகத் தொடங்கின யாரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. கேட்கிறவங்களுக்கு முதல்ல ஒரு வரலாறு சொல்லணும்.

1879 ஆகஸ்ட் 23 அன்று ஹவாயின் ஹொனலுலு துறைமுகத்துக்கு 'ராவன்ஸ்கிராக்' என்ற கப்பல் வந்து சேர்ந்தது. வந்தவர்கள் போர்த்துக்கலின் மதேரா தீவுச் சனங்கள். எதுக்கு வந்தாங்க? கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்ய. அவங்களோடு 'மச்சேட்டே' என்ற சின்ன நாலு கம்பி வாத்தியமும் கரையேறியது. அதே கப்பலில் வந்த மூன்று தச்சர்கள், மானுவல் நூனெஸ், அகுஸ்டோ டயஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ, ஹொனலுலுவில் அதைச் செய்து விற்றார்கள். ஹவாய் மக்கள் அதைத் தங்கள் பாட்டுக்கு எடுத்துக்கொண்டார்கள். யுகுலேலே பிறந்தது.

ஆக, இது துரை பங்களாவில் பிறந்த வாத்தியம் இல்லை. தோட்டக் கூலிகளின் வாத்தியம். அதே நூற்றாண்டில்தான் நம்ம பாட்டன் பூட்டிமாரும் கோப்பிக்கும் தேயிலைக்கும் இந்த மலையேறினார்கள். அவங்களோடும் ஒரு வாத்தியம் வந்தது. அதுதான் தப்பு.

இங்கதான் நான் சண்டைக்கு வர்றேன். ஹவாயில் மிஷனரிமார் பழித்து ஒதுக்கின ஹூலா ஆட்டத்தை கலாக்கவா மன்னர் திரும்பச் சபைக்குக் கொண்டு வந்தார். யுகுலேலேக்கும் அரண்மனையில் இடம் கொடுத்தார். 1915 சான் பிரான்சிஸ்கோ கண்காட்சிக்குப் பிறகு அது அமெரிக்கா முழுக்கப் பரவியது.

நம்ம தப்புக்கு என்ன நடந்தது? விடியக்காலையில் பெரட்டுக்கு ஆள் கூப்பிட தோட்டங்களில் அதை அடிக்க வைத்தார்கள். காமன் கூத்துக்கு அது வேணும், திருவிழாவுக்கு வேணும், சாவுக்கும் வேணும். ஆனா அடிக்கிற மனுசன் மட்டும் தள்ளி நிக்கணும். தப்பில் சாதி பார்க்கிற அதே ஆட்கள் யுகுலேலேயோடு படம் எடுத்து ஸ்டேட்டஸ் போடுறாங்க. ரெண்டும் கூலிச் சனங்களின் வாத்தியம்தானே? ஒண்ணு கௌரவம், மற்றது அசிங்கம் என்று யார் தீர்மானிச்சது?

அதுக்காக யுகுலேலேயைக் கீழே வைக்கச் சொல்லல. 'அந்நிய வாத்தியம்' என்ற வாதம் சொத்தை. வயலினைக் கர்நாடக இசைக்குப் பழக்கிய பாலுசாமி தீட்சிதர் 1858இல் இறந்தவர். இன்னிக்கு வயலினை யார் அந்நியம் என்கிறாங்க? ஹார்மோனியமும் ஐரோப்பாவில் இருந்து வந்ததுதான். கல்யாண வீட்டில் நாம ஆடுற பைலாவுக்கும் போர்த்துக்கீச வேர் இருக்கு.

அதனால தாராளமா பழகுங்க. நாலு நைலோன் கம்பி. சுருதி ஜி, சி, ஈ, ஏ. 'சி' கோர்டுக்கு ஒரு விரல் போதும், 'ஏ மைனரு'க்கும் ஒரு விரல், 'எஃப்'க்கு ரெண்டு, 'ஜி'க்கு மூணு. இந்த நாலும் கைக்கு வந்தா எத்தனையோ பாட்டு வாசிக்கலாம். புதுக் கம்பி இழுபட்டு சுருதி இறங்கும், தினமும் சேர்த்துக்கொள்ளுங்க. விரல் நுனி நோகும்; விடாமப் பழகினா தோல் தடிச்சிடும்.

புதுசாப் பழகுறவங்களுக்குப் பெரிய சிக்கல் வலது கை. கோர்ட் மாறும்போது தாளம் நின்னுபோகும். யூடியூப் வாத்தியார் 'டவுன், டவுன், அப்' என்கிறார். நமக்கு அந்தப் பாடம் லயத்துக்குள்ளேயே இருக்கு. தப்புக்காரர் தடிச்ச குச்சி ஒண்ணு, மெல்லிசுக் குச்சி ஒண்ணு வைத்து ஓட்டம் அறாமல் அடிக்கிறாரே, அதைக் கேளுங்க. தடிச்ச குச்சியின் அடிக்குக் கை கீழே இறங்கட்டும், மெல்லிசுக் குச்சிக்கு மேலே ஏறட்டும். ஒரே கோர்டைப் பிடிச்சுக்கிட்டு காமன் கூத்து அடியை வாசிச்சுப் பாருங்க. அவரிடம் போய் உட்கார்ந்து பழகுங்க. டியூஷன் வாத்தியாருக்குக் காசு கொடுக்கிற மாதிரி அவருக்கும் கொடுங்க.

"தப்பு அடிக்கிறது சாதி தலையில கட்டின வேலை. அதை விடுறதுதானே விடுதலை?" என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அடிக்க மாட்டேன் என்று சொல்றது அவங்க உரிமை. 'கலையைக் காப்பாத்து' என்று அவங்களுக்கு உபதேசம் பண்ண யாருக்கும் தகுதி இல்லை. அடிக்க வேண்டியது ஒரு சாதி, கேட்க வேண்டியது மற்றவங்க என்ற ஏற்பாட்டைத்தான் உடைக்கணும். அதுக்கு மற்ற வீட்டுப் பிள்ளைகளும் குச்சியைக் கையில் எடுக்கணும்.

அடுத்த பொங்கல் விழாவில் யுகுலேலே வாசிக்கக் கூப்பிட்டா, தம்பி தங்கச்சிமாரே, ஒரு நிபந்தனை போடுங்க. தப்புக்காரருக்கும் மேடையில் கதிரை வேணும், அவர் பேரும் மைக்கில் சொல்லணும். முடியாது என்றா நீங்களும் ஏறாதீங்க.