அஞ்சலியில் இல்லாத சட்டை

கல்லூரி விடுதியில் எங்கள் சட்டையை இரவல் வாங்கி உடுத்தி, மைக்கறையோடு திருப்பித் தந்து, "இந்த நிறம் உனக்குப் பொருந்தாதப்பா" என்று அறிவுரையும் வழங்கிய நண்பன் ஒருவன் இருந்தான். அவன் மறைந்தபோது நாங்கள் எழுதிய அஞ்சலியில் பண்பாளன், பரோபகாரி எல்லாம் இருந்தது, சட்டை இல்லை. ஆகவே அவனும் இல்லை.

இடைசெவலில் கூடி வளர்ந்தவர்கள் கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும். அழகிரிசாமி 1970இல் மறைந்தார், கி.ரா. 2021 வரை வாழ்ந்தார். நண்பனை நினைத்துச் சொல்ல அத்தனை நீண்ட அவகாசம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

கேலி செய்து எழுதும் உரிமை நெருங்கியவர்க்கே உண்டு. அதையும், நண்பர்கள் வாசித்துவிட்டுச் சண்டைக்கு வரக்கூடிய காலத்திலேயே எழுதிவிட வேண்டும் என்பது எங்கள் கட்சி.