கரை கடந்த மறுநாள்

‘புயல் கரையைக் கடந்தது’ என்று செய்தி வந்ததும் கடலோரம் சற்றே மூச்சு விடும். தேனி மாவட்டம் அப்போதுதான் விழித்துக்கொள்ள வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று, நள்ளிரவு தாண்டி வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்த கையோடு மேற்கே திரும்பியது. திண்டுக்கல்லைக் கடந்து அன்று மாலைக்குள் கேரளத்தை எட்டிவிட்டது. போகிற வழியில் கொடைக்கானல் மலையில் மண் சரிந்து கூலித் தொழிலாளர்கள் மாண்டார்கள். கடல் எங்கே, அந்த மலை எங்கே!

கம்பம் பள்ளத்தாக்குக்குக் காற்று புதிதல்ல. ஆனி, ஆடியில் கணவாய் வழியே மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு வாழையை எப்படிக் காப்பது என்று இங்கே சிறுவர்களுக்கும் தெரியும். ஐப்பசி, கார்த்திகைப் புயலின் குணம் வேறு. கிழக்கே கடலிலிருந்து அள்ளி வந்த ஈரம் மேகமலையிலும் பழனி மலைச் சரிவிலும் மோதி மேலேறும்போது குளிர்ந்து கொட்டித் தீர்க்கும். ஊருக்குள் வெறும் தூறல்தான் இருக்கும். மேலே பெய்த மழை போடியில் கொட்டகுடி ஆறாகவும் பெரியகுளத்தில் வராக நதியாகவும் வந்து சேரும்போதுதான் விஷயம் புரியும்.

பெரிய அணைக்கு இந்த ஆபத்தைச் சொல்லும் முறை உண்டு. 71 அடி வைகை அணையில் நீர் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. தேனியிலிருந்து ராமநாதபுரம் வரை கரையோர மக்களுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. காட்டோடைகளுக்கும் இதுபோல எல்லோருக்கும் புரிகிற ஒரு கணக்கு வேண்டும். குறைந்தபட்சம், மலையில் பெய்த மழையின் அளவாவது அடிவாரக் கிராமங்களுக்கு உடனுக்குடன் வந்து சேர வேண்டும்.

நமக்குப் பெரிய கவலை ஜீப்புகளைப் பற்றியது. பொழுது விடியும் முன்பே கம்பம், கூடலூர், தேவாரம், போடி ஆகிய ஊர்களிலிருந்து ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு அவை மலையேறுகின்றன. பெரும்பாலும் பெண்கள். கம்பம் மெட்டிலும் போடி மெட்டிலும் கொண்டை ஊசி வளைவுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து போகிறார்கள். தோட்டம் இருப்பது கேரளத்தின் இடுக்கியில், வீடு இருப்பது தமிழ்நாட்டில். இடுக்கிக்கு எச்சரிக்கை திருவனந்தபுரத்திலிருந்து வரும், தேனிக்குச் சென்னையிலிருந்து வரும். அங்கே சிவப்பு எச்சரிக்கை என்பது இங்கே ஜீப்பில் ஏறுகிற அக்காவுக்கு யார் மூலம், எத்தனை மணிக்குத் தெரியும்? தெரிந்தாலும், ஒரு நாள் கூலியை விட்டுவிட அவரால் முடியுமா? மழையைப் பார்த்துப் பயப்படாமல் அவர் போகவில்லை. அடுப்பு எரிய வேண்டுமே என்றுதான் போகிறார்.

விவசாயிகளைப் பொறுத்தவரை, வாழைக்கு முட்டுக் கொடுப்பதும், முற்றிய நெல்லை முன்கூட்டியே அறுப்பதும் அவர்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. பன்னீர் திராட்சைதான் பாவம். பழுக்கும் நேரத்தில் மழை பிடித்தால் பழம் வெடித்து அழுகும். பயந்து எல்லோரும் ஒரே நாளில் பறித்தாலோ விலை விழும்.

2020 டிசம்பரில் புரெவி, மன்னார் வளைகுடாவிலேயே வலுவிழந்தது. ‘அப்பவும் இப்படித்தான் பயமுறுத்தினாங்க, ஒண்ணும் வரலையே’ என்ற பேச்சை அதன்பின் கேட்காத டீக்கடை இல்லை. வராமல் போனது நம் அதிர்ஷ்டம். அதற்காகச் செய்த ஏற்பாட்டை வீண் என்று சொல்லக் கூடாது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077 என்ற எண்ணை வீட்டுச் சுவரில் எழுதி வைக்க ஒரு கரித்துண்டு போதும்.

தேனி, இடுக்கி ஆட்சியர்கள் இருவரும் சேர்ந்து செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. புயல் உள்ளே வரும் நாளில் தோட்ட ஜீப்புகள் ஓடாது என்றும், அன்றைய கூலி கிடைக்கும் என்றும் அறிவிக்க வேண்டும். ஜீப் கிளம்புவது விடியலுக்கு முன். எனவே அந்த அறிவிப்பு, தோட்டத்துக்குப் போகிறவர்கள் சோறு கட்டி வைத்துப் படுக்கப் போவதற்கு முன்பே, முந்தின இரவே ஊருக்குள் வந்து சேர வேண்டும்.