புராணத்திற்கு மேடை, ஆய்வுக்கு 64 காசு!

ஆய்வாளர் கூடி, கண்டதைச் சொல்லி, சான்றால் உரைத்துப் பார்க்க 1914இல் கல்கத்தாவில் எழுந்தது இந்திய அறிவியல் மாநாடு. அம்மேடையில்தான் 2015இல், மும்பையில், வேதகாலத்திலேயே விமானம் பறந்ததென்று கட்டுரை படித்தனர்! 2019இல், ஜலந்தரில், கௌரவர் நூற்றுவரும் சோதனைக்குழாய்க் குழந்தைகளே என்றார் துணைவேந்தர் ஒருவர்!

புராணத்திற்கு மேடை உண்டு. புதுமை காணத் துடிக்கும் இளைஞர்க்கு? 2020-21இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் நூறு ரூபாய்க்கு 64 காசே ஆராய்ச்சிக்குக் கிடைத்தது. சிறுபான்மை மாணவர்க்கிருந்த மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையும் 2022இல் நிறுத்தப்பட்டது.

அறிவியல் மனப்பான்மை வளர்ப்பது குடிமகன் கடமை என்கிறது அரசியல் சட்டம். ஆள்வோர்க்கு அக்கடமை இல்லையா என்று கேட்கிறோம். தோழர்களே, மேடையில் புளுகினால் சான்று கேளுங்கள். ஆட்சியிடம் ஆய்வுக்கு நிதி கேளுங்கள்!