துடுப்பும் அளவுகோலும்

2028ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் விழாவிற் படகோட்டப் பந்தயங்கள் 2000 மீற்றர் தூரத்துக்கு நடைபெறமாட்டா. 1500 மீற்றருடன் முடிந்துவிடும். போட்டி நடைபெறவுள்ள லோங் பீச் நீர்நிலை புதியதன்று. 1932ஆம் ஆண்டு விழாவுக்கென அமைக்கப்பட்டு, அவ்வாண்டில் முழு 2000 மீற்றர்ப் பந்தயத்தையும் கண்ட இடம் அது. பின்னர் அதன் குறுக்கே எழுந்த பாலமே இன்று தூரத்தைச் சுருக்கிவிட்டது. இதனுடன் மற்றொரு மாற்றமும் சேர்ந்துள்ளது. குறைந்த உடல்நிறை உடையோருக்கென 1996ஆம் ஆண்டு அத்லாந்தா விழாவிற் சேர்க்கப்பட்ட பிரிவு, 2024ஆம் ஆண்டு பாரிஸ் விழாவுடன் நீங்கிவிட்டது.

விளையாட்டுச் செய்தி என்று இதனைப் புரட்டிவிட்டுச் செல்வோர் பலர். எனக்கோ இது கல்வியோடும் விஞ்ஞானத்தோடும் தொடர்புடைய ஒரு கேள்வியாகவே தோன்றுகிறது. படகோட்டத்தைப்போல அளவைகளுக்கு உட்பட்ட விளையாட்டுக்கள் மிகச் சிலவே. உடற்றொழிலியல், பௌதிகம், யந்திரவியல், அண்மையிற் கணினி ஆகிய யாவும் படகினுள் வந்து அமர்ந்துள்ளன. இவை படகை விரைவுபடுத்தின என்பதில் ஐயமில்லை. ஆயின், அளந்து பெற்ற அறிவு யாருக்கு உரியதாகின்றது? துடுப்பு வலிப்பவனுக்கா, அல்லது கரையில் நின்று அவனை அளப்பவனுக்கா?

முதலிற் படகின் இயல்பைச் சற்று நோக்குவோம். நீரிற் செல்லும் படகுக்கு ஏற்படும் தடை, ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பப் பெருகுகின்றது. அத்தடையை வெல்ல வேண்டிய வலுவோ வேகத்தின் கனத்துக்கு ஏற்பப் பெருகுகின்றது. எனவே வேகத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு கூட்ட விரும்புபவன் வலுவில் நூற்றுக்கு மூன்று பங்கு கூட்டவேண்டும். ஆறு நிமிடப் பந்தயத்தில் அந்த ஒரு பங்கு மூன்றரைச் செக்கன்களுக்குச் சற்று மேலாகும். உலகப் போட்டிகளில் முதலிடத்துக்கும் நான்காமிடத்துக்கும் இடையே அவ்வளவு இடைவெளிகூட இல்லாத நாட்கள் உண்டு.

இன்னுமொரு விந்தையையும் கூறவேண்டும். எண்மர் படகின் நிறை 96 கிலோகிராமுக்குக் குறையலாகாது என்பது விதி. அதில் அமரும் எண்மரின் நிறையோ 700 கிலோகிராமைத் தாண்டும். நகரும் ஆசனங்களில் இம்மனிதத் திணிவு முன்னும் பின்னும் செல்லும்போது, இலேசான படகு அதற்கு எதிர்த்திசையில் ஊசலாடுகின்றது. அதனால், துடுப்பு நீரைத் தள்ளும்போது படகு மிக விரைந்து செல்கிறது என்று நாம் எண்ணுவது பிழை. துடுப்பு நீரைவிட்டு எழுந்தபின், வீரர்கள் அடுத்த வீச்சுக்காகப் பின்புறம் நோக்கி நகரும்போதே படகு தன் உச்ச வேகத்தை அடைகிறது. ஒருவர் அவசரப்பட்டு நகர்ந்தால் எண்மரின் உழைப்பிலும் ஒரு பங்கு வீணாகும். நேர்த்தி என்றும் நயம் என்றும் பழைய பயிற்றுநர்கள் வருணித்ததன் உட்பொருள் இதுவே. அவர்கள் கண்ணாற் கண்டதைப் பின்வந்தோர் கருவியால் அளந்தனர்.

அளவைக்கும் மனிதனுக்கும் இடையிலுள்ள உறவை விளக்க, ஜேர்மனியின் கார்ள் அடம் என்ற ஆசிரியரைக் காட்டிலும் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1912ஆம் ஆண்டு பிறந்த இவர், கிழக்கு ஜேர்மன் எல்லைக்கு அருகே ஏரிகளின் நடுவே கிடந்த றற்சபேர்க் என்னும் சிறு பட்டினத்துப் பாடசாலையிற் கணிதமும் பௌதிகமும் உடற்பயிற்சியும் கற்பித்தவர். இளமையிற் குத்துச்சண்டை வீரராக விளங்கி, 1937இல் மாணவர்களுக்கான உலகப் போட்டியில் வென்றவர். ஆனாற் பந்தயப் படகொன்றில் தாம் அமர்ந்து போட்டியிட்டவரல்லர். யுத்தம் முடிந்த பின்னர் மாணவர்களுக்குப் படகோட்டம் பழக்கும் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது. மரபை அறியாதவர் ஆகையால் அவர் மரபுக்கு அஞ்சவுமில்லை.

அக்காலத்தில் நெடுந்தூரம் சீராக வலித்தலே பயிற்சியென நம்பப்பட்டது. ஓட்ட வீரர்களுக்காகப் பிறைபேர்க் நகரில் கேர்ஷ்லர் என்ற பயிற்றுநரும் றைன்டெல் என்ற இருதய மருத்துவரும் வகுத்த இடைவெளிப் பயிற்சியை அடம் நீருக்குக் கொண்டுவந்தார். குறுகிய தூரத்தைப் பந்தய வேகத்தில் ஓட்டுதல், சிறிது இளைப்பாறுதல், மீண்டும் ஓட்டுதல் என்பதே அம்முறை. பாரந்தூக்கும் பயிற்சியையும் உடன் சேர்த்தார். நிமிடத்துக்கு விழும் வீச்சுக்களின் தொகையை உயர்த்தினார். துடுப்பின் அலகை அகலமாக்கிக் குறுக்கினார். 1959இல் பிரான்சின் மாக்கோன் நகரில் நடந்த ஐரோப்பியப் போட்டியில் ஜேர்மனியர் பயன்படுத்திய அவ்வலகு, மாக்கோன் அலகு என்றே பெயர்பெற்று மூன்று தசாப்தங்கள் உலகெங்கும் வழங்கிற்று.

1920 தொடக்கம் 1956 வரை எட்டு ஒலிம்பிக் விழாக்களிலும் எண்மர் படகுப் பந்தயத்தை அமெரிக்கரே வென்றிருந்தனர். 1960இல் ரோமாபுரிக்கு அருகிலுள்ள அல்பானோ ஏரியில், றற்சபேர்க்கிலிருந்தும் கீல் நகரிலிருந்தும் வந்த இளைஞர் அந்தத் தொடரை முறித்தனர். 1968இல் மெக்சிக்கோவிலும் ஜேர்மன் எண்மர் படகே பொற்பதக்கம் பெற்றது.

என்னைக் கவர்வது பதக்கங்களல்ல. தம் வீரர்களை அடம் நடத்திய முறையே. பயிற்சி ஒவ்வொன்றுக்குமுரிய காரணத்தை அவர்களிடம் விளக்கினார். அவர்கள் வாதாடுவதை வரவேற்றார். தம் படகைப் பற்றித் தாமே முடிவெடுக்கும் பக்குவம் அவர்களுக்கு வரவேண்டுமென விரும்பினார். 1960இல் வென்ற எண்மருள் ஒருவரான ஹான்ஸ் லெங் பின்னர் கார்ல்ஸ்றூ பல்கலைக்கழகத்திற் தத்துவப் பேராசிரியராகி, விளையாட்டு வீரன் பிறர் கையிற் கருவியாகாது தானே சிந்திக்கும் மனிதனாக இருத்தல் வேண்டும் என்ற கருத்தைப் பல நூல்களில் வற்புறுத்தினார். பயிற்றுநர் கற்பித்தது படகோட்டத்தோடு நிற்கவில்லை என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை. வகுப்பறையில் நிற்கும் நமக்கும் இந்த வேறுபாடு புதிதன்று: விடையைச் சொல்லிக்கொடுப்பவர் ஒருவர், வழியைக் காட்டி மாணவனை எதிர்வினா எழுப்ப விடுபவர் இன்னொருவர்.

றற்சபேர்க் ஏரிகளுக்கு அப்பால், எல்லையின் மறுபுறத்தில், அதே விஞ்ஞானம் வேறு வடிவம் பெற்றது. கிழக்கு ஜேர்மனியர் சிறுவயதிலேயே உயரமும் கைநீளமும் பார்த்துத் தேர்ந்தனர். இரத்தத்திற் சேரும் இலற்றிக் அமிலத்தை அளந்து பயிற்சியின் கடுமையை வரையறுத்தனர். 1976இல் மொன்றியல் விழாவின் பதினான்கு படகோட்டப் போட்டிகளிலும் அவர்கள் பதக்கம் பெற்றனர். அவற்றுள் ஒன்பது பொற்பதக்கங்கள். ஆனால் 1974இலிருந்து அரசே திட்டமிட்டு வீரர்களுக்கு, சிறுமியருக்குங்கூட, ஊக்கமருந்து கொடுத்துவந்தது என்பது பின்னாளில் ஆவணங்களால் நிறுவப்பட்டது. அந்நாட்டு விளையாட்டு அமைப்பின் தலைவராயிருந்த மன்பிரெட் எவால்ட் 2000ஆம் ஆண்டு பேர்லின் நீதிமன்றிற் குற்றவாளியாகக் காணப்பட்டார். இரத்தப் பரிசோதனை என்னும் முறைமீது நான் பழி சுமத்தவில்லை. அம்முறை இன்று நேர்மையான அணிகள் யாவற்றிலும் வழக்கிலுள்ளது. தன் உடலிற் செலுத்தப்படுவது யாதென அறியும் உரிமை வீரனுக்கு மறுக்கப்பட்டதே கொடுமை. அங்கே அளவைகள் கோவைகளிற் பூட்டப்பட்டிருந்தன. அளக்கப்பட்டவன் வெளியே நின்றான்.

கருவிகளின் வரலாற்றை விரித்துரைக்க இடமில்லை. 1991இல் அமெரிக்காவின் கொன்செப்ற் நிறுவனம் சமச்சீரற்ற கோடரி வடிவ அலகை வெளியிட்டது. அடுத்த ஆண்டு பார்சலோனாவில் அது எங்கும் காணப்பட்டது. ஆசனம் நிலையாக நிற்க, துடுப்புத்தாங்கி நகரும் படகின் கதை வேறு. மனிதத் திணிவின் ஊசலாட்டத்தைக் குறைக்கும் அச்சாதனத்துடன் 1981இல் மேற்கு ஜேர்மனியின் கோல்ப உலக ஒருவர் படகுப் போட்டியை வென்றார். இரண்டு ஆண்டுகளில் இறுதிப் போட்டியிலிருந்த அனைவரும் அதனைக் கைக்கொண்டனர். உடனே சர்வதேசச் சம்மேளனம் அதனைத் தடைசெய்தது. செலவு ஏறும், வறிய கழகங்கள் பின்தங்கும் என்ற அச்சமே காரணம். புதிய சாதனம் எதுவாயினும் யாவரும் வாங்கத்தக்கதாகவும் செலவை மிகக் கூட்டாததாகவும் இருத்தல் வேண்டுமென்ற விதி இன்றும் உண்டு. விஞ்ஞானத்தைத் தடுத்தார்கள் என்று இதனைக் கண்டிப்போர் உளர். நான் அவர்கள் பக்கமில்லை.

மேற்கூறிய நிறுவனத்தை நடத்திய டிறைசிகாக்கர் சகோதரர்கள் 1981இலேயே வேறொன்றையும் செய்திருந்தனர். சைக்கிள் சக்கரத்தைக் கொண்டு, காற்றின் தடையை எதிர்த்துத் துடுப்பு வலிக்கும் தரை யந்திரமொன்றை அமைத்தனர். கழகங்களில் இன்று நிற்கும் யந்திரங்கள் பெரும்பாலும் அதன் வழிவந்தவை. காற்றும் நீரோட்டமும் மாறுவதால் நீரிலெடுத்த நேரங்களை ஒப்பிடுதல் அரிது. யந்திரத்திலோ கொழும்பிலிருப்பவனையும் ஓக்லண்டிலிருப்பவனையும் ஒரே அளவுகோலால் அளக்கலாம். இதன் பயன் பெரிது. ஆபத்தும் அங்கேயே உள்ளது. உடலின் நிறை யந்திரத்தில் தண்டனை பெறுவதில்லை. நீரில் அது படகை ஆழ்த்தித் தடையைக் கூட்டுகின்றது. 2018இல் அவுஸ்திரேலியாவின் ஜோஷ் டங்க்ளி-ஸ்மித் 2000 மீற்றரை யந்திரத்தில் 5 நிமிடம் 35.8 செக்கன்களில் முடித்து உலகச் சாதனை நிலைநாட்டினார். 2012இலும் 2016இலும் ஒலிம்பிக் நால்வர் படகில் அவருக்குக் கிடைத்தது வெள்ளிப் பதக்கமே. இரு தடவையும் பிரித்தானியர் முந்தினர். அவர் குறைந்தவர் என்பது இதன் பொருளன்று. நால்வர் படகு ஒன்றாக நகர்வதை எந்தச் சக்கரமும் அளந்து காட்டாது.

இப்போது துடுப்புத்தாங்கியிற் பொருத்தும் உணரிகள், ஒவ்வொரு வீச்சிலும் வீரன் செலுத்தும் விசையையும் துடுப்பு திரும்பும் கோணத்தையும் வரைந்து காட்டுகின்றன. உலகப் போட்டிகளில் ஒவ்வொரு படகின் வேகமும் வீச்சு எண்ணிக்கையும் செய்மதிக் கருவியால் அளக்கப்பட்டுப் பார்வையாளருக்கும் அளிக்கப்படுகின்றன. எனினும் பந்தயத்தின்போது கரையிலிருந்து மின்சாதனம் மூலம் படகுக்கு அறிவுரை கூறலாகாது. இவ்விதி நீடிக்கவேண்டும் என்பது என் விருப்பம். அது நீங்குமாயின் படகில் இருப்பவர்கள் தூரத்தேயுள்ள திரையொன்றின் தசைகளாகிவிடுவர். நல்ல பயிற்றுநர் வரைகோட்டை வீரனிடம் காட்டி, “இவ்விடத்தில் உனக்கு என்ன தோன்றிற்று?” என்று கேட்கிறார். கருவி சொல்வதும் உடல் உணர்வதும் ஒன்றோடொன்று பொருந்தும்போதே கல்வி நிகழ்கிறது. பொருந்தாதபோது எதனை நம்புவதென முடிவெடுக்கத்தான் அனுபவம் வாய்ந்த பயிற்றுநர் தேவைப்படுகிறார்.

இனி, தொடக்கத்திற் கூறிய மாற்றங்களுக்கு வருவோம். குறைந்த நிறைப் பிரிவில் ஆண்கள் படகின் சராசரி 70 கிலோகிராமையும் பெண்கள் படகின் சராசரி 57 கிலோகிராமையும் தாண்டலாகாது. பேருடல் வாய்க்காத மக்களும் நாடுகளும் போட்டியிடுவதற்கு அது ஒரு வாயிலாக இருந்தது. அயர்லாந்தின் தென்கோடியில் ஸ்கிபரீன் என்றொரு சிறு பட்டினம். அங்குள்ள கழகத்தில் டொமினிக் கேசி என்ற பயிற்றுநரின் கையில் வளர்ந்த போல் ஓ’டொனவன், பின்ரன் மக்கார்த்தி ஆகிய இருவரும், 2021இல் நடைபெற்ற டோக்கியோ விழாவிலும் 2024இல் பாரிஸிலும் அப்பிரிவின் இருவர் படகில் வென்றனர். பெருஞ்செல்வமோ பேருடலோ இல்லாத ஓரிடத்தில், தொடர்ந்த பயிற்சியும் நுணுக்கமும் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இதுவே சாட்சி. நிறையைக் குறைப்பதற்காக உடலை உலர்த்தும் தீய பழக்கம் அப்பிரிவில் இருந்தது உண்மை. மருத்துவர்கள் அதனைக் கண்டித்ததும் நியாயமே. ஆனால் நோய்க்கு மருந்து தேடாமல் நோயாளியையே வெளியேற்றிவிட்டார்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

பிரிவு போயிற்று, தூரமும் சுருங்கிற்று. 2000 மீற்றரில் வேண்டப்படும் சக்தியின் பெரும்பகுதி மூச்சிழுத்துப் பெறும் ஒட்சிசனால் வருவது. நெடுங்காலப் பயிற்சி அதனை வளர்க்கும். தூரம் குறையக் குறைய உடனடி வலுவின் பங்கு உயரும். பெரிய உடலுக்கு அது சாதகம். 1864 தொட்டுப் படகோட்டக் கழகம் நிலவிவரும் கொழும்புப் பேரை வாவியில் வலிக்கும் நம் இளைஞருக்கும், ஆசியாவின் பல நாட்டினருக்கும் இது நற்செய்தியன்று.

அகற்றிய பிரிவின் இடத்திற் புகுவது கரையோரப் படகோட்டம். வீரர் மணலில் ஓடிப் படகில் ஏறி, மிதவைகளைச் சுற்றி 250 மீற்றர் கடலுட் சென்று, திரும்பி வந்து, மீண்டும் கரையில் ஓடி முடிக்கவேண்டும். ஒருவர் படகின் நிறை குறைந்தது 35 கிலோகிராம். வாவிப் பந்தய ஒருவர் படகோ 14 கிலோகிராம்தான். பாரித்த படகு, உடைகின்ற அலை, மாறுகின்ற காற்று என்பனவற்றின் நடுவே வரைகோடுகள் அதிகம் பேசமாட்டா. ஆண்கள் ஒருவர் படகு, பெண்கள் ஒருவர் படகு, ஆணும் பெண்ணும் சேர்ந்த இருவர் படகு என்று மூன்று போட்டிகள் 2028இல் முதன்முறையாக நடைபெறவுள்ளன. அதற்குரிய பயிற்சி முறையை எந்த நாடும் இன்னும் முற்றாக வகுத்துவிடவில்லை. கடலறிந்த ஒரு சிற்றூரின் ஆசிரியர், அடம் செய்ததுபோல, தம் மாணவரோடு இருந்து அதனைத் தொடக்கத்திலிருந்தே சிந்திப்பதற்கு இடம் இருக்கின்றது.