அப்பாஸ் சுவான்: ஒரு கோலும் ஒரு மௌனமும்

இஸ்ரேலிய உதைபந்தாட்டத்தில் அப்பாஸ் சுவானை விடவும் திறமையும் புகழும் வாய்ந்த வீரர்கள் பலர் இருந்திருக்கிறார்கள். 1970 மெக்சிக்கோ உலகக் கிண்ணப் போட்டியில் சுவீடனுக்கு எதிராகக் கோல் அடித்த மொர்டெச்சாய் ஷ்பீக்லரில் இருந்து இங்கிலாந்தின் லிவர்பூல், செல்சி கழகங்களுக்காக ஆடிய யொசி பெனயூன் வரை அந்த வரிசை நீளமானது. சுவானோ தனது விளையாட்டு வாழ்வின் பெரும் பகுதியை வடக்கே கலிலேயாவில் உள்ள சக்னின் என்ற சிறிய அரபு நகரின் கழகத்துக்காகவே செலவிட்ட ஒரு மத்தியகள வீரர். ஆனால், சிறுபான்மை இனமொன்றைச் சேர்ந்த விளையாட்டு வீரன் தனது நாட்டுக்கு எதைக் கடன்பட்டிருக்கிறான் என்ற கேள்வியை அவருடைய வாழ்க்கை எழுப்பியதைப் போன்று வேறு எவருடையதும் எழுப்பியதில்லை எனலாம்.

சுவான் பிறந்தது 1976 ஆம் ஆண்டில். அதே ஆண்டு மார்ச் 30 ஆம் திகதி அரபு மக்களின் காணிகளை அரசு சுவீகரிப்பதை எதிர்த்து சக்னினிலும் அயற்கிராமங்களிலும் கிளர்ந்த போராட்டத்தின் போது அரபுப் பிரஜைகள் ஆறு பேர் கொல்லப்பட்டனர். அந்நாளையே பலஸ்தீனர்கள் 'நில தினம்' என்று வருடாந்தம் நினைவுகூருகிறார்கள். இஸ்ரேலின் சனத்தொகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் அரபுப் பிரஜைகள். அவர்களிடம் கடவுச்சீட்டும் வாக்குரிமையும் இருக்கின்றன. ஆனால், அரசு தன்னை யூத மக்களின் அரசு என்றே வரையறுத்துக்கொள்கிறது.

2003 ஆம் ஆண்டில் முதற்பிரிவுக்குத் தரமுயர்ந்த பினே சக்னின் கழகம், மறு ஆண்டு மே மாதத்தில் ஹப்போயல் ஹைஃபா அணியை 4 - 1 என்ற கோல் கணக்கில் தோற்கடித்து அரச கிண்ணத்தைச் சுவீகரித்தது. அக்கிண்ணத்தை வென்ற முதலாவது அரபுக் கழகம் அதுவே. அதன் அணித்தலைவர் சுவான். யூத, அரபு வீரர்களும் வெளிநாட்டவர்களும் ஒன்றாக ஆடிய அந்த அணி, அதே ஆண்டு யூஃபா கிண்ணப் போட்டியில் இங்கிலாந்தின் நியூகாசில் யுனைட்டெட்டை எதிர்கொள்ளும் வாய்ப்பையும் பெற்றது. சொந்த நகரில் தரமான மைதானம் இல்லாத காரணத்தால் அயல் நகரங்களில் விளையாட நேர்ந்த ஒரு கழகத்தின் சாதனை அது என்பதை மறந்துவிடக் கூடாது.

2005 மார்ச் 26 ஆம் திகதி ரமத் கான் மைதானத்தில் உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டி. ஆட்டம் ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே கோல் அடித்து முன்னிலை பெற்ற அயர்லாந்து, இறுதிவரை அதனைத் தக்கவைத்துக்கொள்ளும் போலவே தோன்றியது. மாற்று வீரராகக் களமிறங்கிய சுவான் 90 ஆவது நிமிடத்தில் தொலைவில் இருந்து உதைத்த பந்து வலைக்குள் புகுந்தது. ஆட்டம் 1 - 1 என்று சமநிலையில் முடிந்தது. நான்கு நாட்கள் கழித்து, நில தினத்தன்றே, பிரான்ஸுக்கு எதிரான போட்டியிலும் இஸ்ரேலைத் தோல்வியில் இருந்து காப்பாற்றியவர் இன்னொரு அரபு வீரரான வலீத் பதீர். அவருடைய சொந்த ஊர் கஃபர் காசிம். 1956 அக்டோபரில் ஊரடங்கு உத்தரவை அறியாமல் வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த அப்பாவிகள் நாற்பதுக்கும் மேற்பட்டோரை இஸ்ரேலிய எல்லைப் பொலிஸார் சுட்டுக்கொன்ற ஊர் அது.

அந்த வாரம் இஸ்ரேல் இவர்கள் இருவரையும் கொண்டாடியது. சமத்துவத்துக்கான சான்று என்று அக்கோல்கள் போற்றப்பட்டன. ஆனால், சில நாட்களுக்குள்ளேயே பெய்டார் ஜெருசலேம் கழகத்தின் ரசிகர்கள், 'அப்பாஸ் சுவான், நீ எங்களைப் பிரதிநிதித்துவம் செய்யவில்லை' என்ற பதாகையை மைதானத்தில் விரித்துப் பிடித்தனர். தேசிய கீதம் இசைக்கப்பட்ட வேளைகளில் சுவான் பாடாமல் மௌனமாக நின்றதும் சர்ச்சையாக்கப்பட்டது. யூத ஆன்மாவின் ஏக்கத்தைச் சொல்லும் ஒரு கீதத்தை முஸ்லிம் அரபு ஒருவர் எந்த உணர்வுடன் பாடமுடியும் என்று கேட்க அவர்களில் பலருக்குத் தோன்றவில்லை.

என்னைப் பொறுத்தவரை, பதாகை பிடித்தவர்களைக் கண்டிப்பது சுலபம். கொண்டாடியவர்களின் மனோபாவமே கூடுதலாகச் சிந்திக்கப்பட வேண்டியது. கோல் அடித்தால் 'எங்களவர்', வாயைத் திறந்து பாடாவிட்டால் 'துரோகி' என்ற அளவுகோல் எந்தவொரு பெரும்பான்மை இன வீரனுக்கும் பிரயோகிக்கப்படுவதில்லை. பெனயூன் ஒரு பந்தைத் தவறவிட்டால் அது ஆட்டத்தில் நேர்ந்த பிழை. சுவான் தவறவிட்டால் அது விசுவாசம் பற்றிய சந்தேகம். பிரஜாவுரிமையைப் பிறப்பால் பெற்ற ஒருவர் அதற்கான தகுதியை 90 ஆவது நிமிடத்தில் நிரூபித்துக்காட்ட வேண்டியிருக்குமானால், அது உரிமையாக இருக்கமுடியாது, வெறும் சலுகையே.

இஸ்ரேலுக்காக விளையாடுவதே தவறு என்று கருதிய பலஸ்தீனர்களும் இருந்தார்கள். அவர்களின் வேதனையில் நியாயம் இல்லையென்று கூறமுடியாது. ஆனால், பிறந்த மண்ணின் பிரஜையாக விளையாடும் உரிமையையும் தன்னுடையதல்லாத கீதத்தைப் பாடாதிருக்கும் உரிமையையும் ஒருசேரக் கோரிய சுவானின் நிலைப்பாடு கோழைத்தனமானதல்ல. இரு தரப்பினரின் கோபத்தையும் தாங்கிக்கொள்ளும் திராணி அதற்குத் தேவைப்பட்டது.

அந்தத் தகுதிகாண் சுற்றின் பத்துப் போட்டிகளில் ஒன்றிலேனும் இஸ்ரேல் தோற்கவில்லை. ஆயினும் சுவிட்சர்லாந்துடன் சம புள்ளிகளைப் பெற்று, கோல் வித்தியாசத்தில் பின்தங்கி, உலகக் கிண்ண வாய்ப்பை இழந்தது. சுவான் அடித்த கோலினால் அணிக்குக் கிடைத்தது ஒரேயொரு புள்ளி. அதற்கு மேல் எதையும் ஒரு கோலிடம் எதிர்பார்க்க முடியாது. 2013 ஆம் ஆண்டில் செச்சினியாவைச் சேர்ந்த இரு முஸ்லிம் வீரர்களைச் சேர்த்துக்கொண்டதற்காக பெய்டார் கழகத்தின் அலுவலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. 2018 ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட தேசிய அரசுச் சட்டம் அரபு மொழியை அரசகரும மொழி என்ற அந்தஸ்தில் இருந்து இறக்கியது. சட்டப்புத்தகத்தில் பறிக்கப்படுவதை மைதானத்தில் ஈட்டிக்கொடுக்குமாறு விளையாட்டு வீரர்களிடம் கேட்பதை அரசுகள் முதலில் நிறுத்த வேண்டும்.